தூக்குபாலமும் ஒரு டஜன் கிளாம்ப்பும்

போனில் ரிசார்ட்டுக்காரச் சேட்டன் சொன்னபோது எனக்குப் பாம்பன்தான் நினைவுக்கு வந்தது. "காட்டேஜுக்கு ஒரு தூக்குபாலம் கடந்து வரணும் சாரே" என்றார். எங்கள் பக்கம் தூக்குப்பாலம் என்றால் கப்பல் வரும்போது பிளந்து மேலே தூக்கிக்கொள்வது. 1914-இல் வந்தது அப்படித்தான் தூக்கியது. 2025-இல் திறந்த புதுப் பாலத்தில் நடுத்துண்டு முழுசாக லிஃப்ட் மாதிரி மேலே போகிறது. இடுக்கி மலையில் ஓர் ஓடைக்கு எதற்கு இந்தக் கூத்து என்று குழம்பினேன். அப்புறம்தான் உறைத்தது. மலையாளத்தில் தூக்குபாலம் என்றால் தொங்குபாலம். நெடுங்கண்டத்துக்குப் பக்கத்தில் தூக்குபாலம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. நமக்கு மேலே போவது அவர்களுக்குத் தொங்குகிறது. நம்மிடமும் அந்தப் பழைய பொருள் தூக்குத் தண்டனையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை அந்த நேரத்தில் நினைக்காமல் இருந்திருக்கலாம்.

நான் மதுரையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். போல்ட், நட்டு, செயின், வயர் ரோப், புல்லி, இதெல்லாம். இருபத்திரண்டு வருஷம். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், தொங்குபாலத்தில் மற்றவர்களுக்கு வருகிற பயம் வேறு, எனக்கு வருகிற பயம் வேறு. மற்றவர்கள் கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்துப் பயப்படுவார்கள். நான் கிளாம்ப்பைப் பார்ப்பேன்.

பயணம் அம்மாவுக்காக. அம்மா பிறந்தது வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில். தாத்தா கம்பத்திலிருந்து காய் எடுக்கப் போனவர், அங்கேயே லயத்தில், தோட்டத்து ஆட்களுக்கான வரிசை வீட்டில், தங்கிவிட்டார். அம்மாவுக்குப் பன்னிரண்டு வயதில் கீழே இறங்கி வந்தவர்கள்தான், திரும்பப் போகவே இல்லை. எழுபது வயதில் திடீரென்று "மலைக்கு ஒருதடவ போய்ட்டு வந்துருவோமாப்பா" என்றாள். என் மனைவி கூகுளில் தேடி, ஏலத்தோட்டத்துக்கு நடுவில், ஓடைக்கரையில், மரக் குடில்கள் என்று ஒரு ரிசார்ட்டைப் பிடித்தாள். பெயர் வேண்டாம். நல்ல மனுஷர்கள், சாப்பாடும் நன்றாக இருந்தது.

காலையில் நாலு மணிக்குக் கிளம்பி, கம்பத்தைத் தாண்டும்போது ஆறரை. அந்த நேரத்தில் கம்பமெட்டு ரோட்டில் போய்ப் பாருங்கள். ஜீப் ஜீப்பாகப் பெண்கள், மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு. தினமும் ஏறி, தினமும் இறங்குகிறார்கள். அம்மா ஜன்னலை இறக்கிவிட்டு ஒவ்வொரு ஜீப்பாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். யாரைத் தேடினாள் என்று கேட்கவில்லை. அறை மதியத்துக்கு மேல்தான் என்பதால் ராமக்கல்மேட்டில் இறங்கினோம். அங்கே காற்று ஆளைத் தள்ளும். கீழே கம்பம் பள்ளத்தாக்கு மொத்தமும் தட்டில் வைத்த மாதிரி தெரியும். "அங்கருந்து பாத்தா இந்த மலை தெரியும். இங்கருந்து பாத்தா அந்த ஊர் தெரியும். அவ்ளோதான் வித்தியாசம்" என்றாள் அம்மா.

மூன்று மணிக்கு ரிசார்ட். வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, படி இறங்கினால் பாலம்.

முப்பது மீட்டர் இருக்கும். பதினைந்தடிக் கீழே ஓடை, பாறைகளுக்கு இடையில் சத்தமாக. தரைக்கு மரப் பலகை, இரு பக்கமும் மூங்கில் தட்டி, கைப்பிடிக்குத் தடியான தேங்காய்நார்க் கயிறு. போட்டோவில் பார்த்தபோது நிஜமாகவே கயிற்றுப் பாலம் என்றுதான் நினைத்திருந்தேன். கிட்டப் போய்க் கயிற்றைக் கிள்ளினால் உள்ளே இரும்பு. பதினாறு எம்எம் வயர் ரோப்பின்மேல் அழகுக்காக நார்க்கயிறு சுற்றியிருக்கிறார்கள். எல்லா இடத்திலும், முனைவரைக்கும்.

என் பெண் ஓடிவிட்டாள். பாலம் அவளுக்கு முன்னால் பாம்பு மாதிரி நெளிந்து, அந்த அலை அக்கரையில் மோதித் திரும்பி வந்தது. மனைவி "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டே பின்னால் போனாள். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். கைப்பிடியைத் தொடவில்லை. முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து, குட்டிக் குட்டி எட்டாக வைத்துப் போனாள். அவள் நடந்தபோது பாலம் ஆடவே இல்லை. அக்கரையில் நின்று திரும்பி, "வாடா" என்றாள்.

நான் இக்கரையில் தூணுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

தொங்குபாலத்தில் பலகை உடைந்தால் ஒரு கால் உள்ளே போகும். முட்டி பெயரும், அவ்வளவுதான். கம்பி நடுவில் அறுவதும் லேசில் நடக்காது; பதினாறு எம்எம் புது ரோப் பத்து டன்னுக்கு மேல் தாங்கும். விஷயம் முனையில் இருக்கிறது. ரோப்பைக் கொண்டுபோய்க் கான்கிரீட் கட்டையில் பதித்த வளையத்தில் மாட்டி, மடக்கி, மடக்கிய வாலை ரோப்போடு சேர்த்து கிளாம்ப் போடுவார்கள். கிளாம்ப் என்றால் ஒரு யூ போல்ட்டும் ஒரு அடிக்கட்டையும். அடிக்கட்டையை நாங்கள் சேடில் என்போம். அதில் ரோப்பின் முறுக்குக்கு ஏற்ற பள்ளம் இருக்கும், அது நசுக்காமல் அணைத்துப் பிடிக்கும். யூ போல்ட் அப்படி இல்லை, இறுக்கினால் கம்பியைக் கடிக்கும். அதனால் பாரம் இழுக்கிற பக்கம் சேடில், சும்மா கிடக்கிற வால் பக்கம் யூ போல்ட். திருப்பிப் போட்டால் பாரம் தாங்குகிற கம்பியையே கடித்து வைத்திருப்போம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கடைக்கு வருகிற பாதிப் பேருக்கு இது தெரியாது. ஒன்று இப்படி, ஒன்று அப்படி என்று மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, அதுதான் பலம் என்று எனக்கே பாடம் எடுத்தவர்கள் உண்டு.

நார்க்கயிற்றை விரலால் விலக்கிப் பார்த்தேன். முனைக்கு மூன்று கிளாம்ப். இடது பக்கம் மூன்றும் சரி. வலது பக்கம் இரண்டு திரும்பி இருந்தது. நாருக்கு அடியில் கம்பி ஈரமாக, விரலில் செம்பழுப்பாக ஒட்டியது. மழை நின்று நாலு நாளாகியிருந்தது.

அதுதான் எனக்குக் கோபம். நார் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெறும் கம்பி மழையில் நனைந்து வெயிலில் காய்ந்துவிடும். ஈரச் சாக்கைச் சுற்றி வைத்த கம்பி காயவே காயாது. துரு பிடிக்கவும் வழி செய்து, பிடித்த துருவை யாரும் பார்க்காதபடி மூடியும் வைத்தாயிற்று. கேட்டால் இயற்கை அழகு.

"என்னடா கும்பிட்டுக்கிட்டிருக்க?" அம்மா அங்கிருந்து கேட்டாள்.

வேறு வழி? நடந்தேன். என் எடை எண்பத்தாறு கிலோ. இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் இறுகப் பிடித்தேன், அது தப்பு. பிடித்து இழுக்க இழுக்க ஆட்டம் நம் கைவழியாக உடம்புக்குள் வருகிறது. நடுவில் நின்றேன், அது அதைவிடத் தப்பு. நின்றதும் நான் கிளப்பிய அலையெல்லாம் திரும்ப என்னிடமே வந்தது. கண்ணைக் கீழே விட்டால் ஓடுகிற தண்ணீரோடு பாலமும் எதிர்ப்பக்கம் ஓடுகிற மாதிரி ஒரு மயக்கம். நடுவில் பாலம் நன்றாகத் தொய்ந்திருந்தது. மனைவி அதைத்தான் காட்டி "இவ்ளோ லூசா இருக்கே" என்று பயந்தாள். உண்மையில் அங்கே எனக்கு ஆறுதலாக இருந்த ஒரே விஷயம் அந்தத் தொய்வுதான். துணி காயப்போடும் கொடியை நினைத்துப் பாருங்கள். தொளதொளவென்று கட்டிய கொடி ஈரப் போர்வையைக்கூடத் தாங்கிவிடும். விறைப்பாக இழுத்துக் கட்டிய கொடியில் அதே போர்வையை நடுவில் போட்டால் ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். தொய்வு குறையக் குறைய முனையில் இழுப்பு ஏறும். பாலத்துக்கும் அதே கணக்கு.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஓடைச் சத்தத்துக்கு நடுவில் பாலம் அவ்வப்போது முனகியது. கதை கதையாக நினைவுக்கு வந்தது.

1831-இல் இங்கிலாந்தில் பிராட்டன் என்ற இடத்தில் எழுபத்துச் சொச்சம் சிப்பாய்கள் ஒரு தொங்குபாலத்தில் கால் சேர்த்து நடந்து போனார்கள். பாலம் தாளத்துக்கு ஆட ஆரம்பித்தது, அவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்ததால் சீட்டியடித்து இன்னும் தாளமாக நடந்தார்கள். ஒரு முனை விட்டுவிட்டது. நாற்பது பேர்போல ஆற்றில். நல்லவேளை, யாரும் சாகவில்லை. அதற்குப் பிறகுதான் பாலத்தில் கால் மாற்றி நடக்கும்படி பட்டாளத்தில் உத்தரவு வந்தது. எல்லோரும் இந்தக் கதையைத் தாளத்துக்காகச் சொல்வார்கள். எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. உடைந்தது ஒரு போல்ட், சங்கிலியைத் தரையோடு பிணைத்தது. ஆள் குறைவாக இருந்தால் அன்று தப்பித்திருக்கும், வேறொரு நாள் உடைந்திருக்கும்.

1850-இல் பிரான்சில் ஆஞ்சே நகரத்துப் பாலத்தில் அதே மாதிரி பட்டாளம், கூடவே புயல் காற்று. 226 பேர் போனார்கள். அங்கே கம்பியின் முனையை மண்ணுக்குள் சாந்து பூசி மூடியிருந்தார்கள், உள்ளே துருப்பிடித்தது வெளியே தெரியவில்லை.

நம் நாட்டில், குஜராத்தில் மோர்பி. 2022 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், 135 பேர். ராஜா காலத்துத் தொங்குபாலம், பல மாதம் மூடிப் பழுதுபார்த்துத் திறந்து நாலே நாள். விசாரணையில் வந்த செய்தியைப் படித்துவிட்டு அன்று கடையில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முக்கியக் கம்பியில் 49 இழை, அதில் 22 ஏற்கெனவே துருவில் அரித்துப் போயிருந்தது. தரைக்குப் பளபளவென்று புது அலுமினியம் போட்டார்கள். கம்பியை மாற்றவில்லை. காலுக்குக் கீழே தெரிவதுதானே டிக்கெட் வாங்குகிறவருக்குத் தெரியும்.

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். "ராத்திரி பதினொரு மணிக்கு இதச் சொல்லத்தான் முந்நூறு கிலோமீட்டர் கூட்டிட்டு வந்தீங்களா" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். நூற்றைம்பதுகூட இருக்காது. ஆனால் அப்போது திருத்தவில்லை.

காலையில் ஆறு மணிக்குச் சாயா வந்தது. கொண்டுவந்த அக்கா தமிழ், கோம்பைக்காரர். ஒரு கையில் ஃபிளாஸ்க், இன்னொரு கையில் வாளி, தோளில் பெட்ஷீட் மூட்டை. அம்மா நடந்த அதே நடையில் பாலத்தைக் கடந்து வந்தார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கடப்பீர்கள் என்று கேட்டேன். "யாரு எண்ணுனா? முப்பது நாப்பது இருக்கும் சார்" என்றார். பயமில்லையா என்றதற்குச் சிரித்தார். "மொத வாரம் வாந்தி வந்துச்சு. இப்ப தரையிலதான் ஒரு மாதிரி இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பக்கம் கொஞ்ச நாளா வேற மாதிரி சத்தம் கேக்குது. சொன்னேன், எண்ணெய் விட்டாங்க" என்றார்.

அந்தப் பக்கம் என்று அவர் காட்டியது வலது பக்கம்தான்.

சேட்டனிடம் போனேன். வாடிக்கையாளர் வந்து வசதியைக் குறை சொல்வதாகத்தான் முதலில் நினைத்தார். "பேடிக்கண்ட சாரே, பத்து ஆனை போனாலும் ஒண்ணும் ஆகாது." யானை என்றதும் எனக்குப் புனலூர் ஞாபகம் வந்தது. செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், கல்லடையாற்றின்மேல் 1877-இல் முடித்த சங்கிலிப் பாலம். கட்டிய ஆல்பர்ட் ஹென்றி பாலத்தின்மேல் ஆறு யானைகளை நடக்கவிட்டு, தான் குடும்பத்தோடு கீழே படகில் இருந்தார் என்று அங்கே கதை சொல்வார்கள். கதை நிஜமோ இல்லையோ, அந்தப் பாலத்தின் சங்கிலிகள் கரையில் கிணறுகளுக்குள் இறங்குகின்றன. கிணற்றை எட்டிப் பார்க்கலாம். நார் சுற்றி வைக்கவில்லை. சேட்டனிடம் இந்தக் கதையைச் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது, புனலூர் அவருடைய மனைவி ஊராம். அதன்பிறகுதான் என்னோடு குனிந்து பார்க்கச் சம்மதித்தார்.

பார்த்ததும் புரிந்துகொண்டார். அதற்காக அவரை மெச்ச வேண்டும். யார் போட்டது என்றேன். நாலு வருஷத்துக்கு முன் ஒரு வெல்டிங் ஆள் போட்டாராம், அதன்பிறகு யாரும் நட்டைத் தொடவில்லை. கிளாம்ப் போட்டபின் பாரம் ஏறியதும் கம்பி கொஞ்சம் மெலியும், மறுபடி இறுக்க வேண்டும், பிறகும் அவ்வப்போது பார்க்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒரு நேரத்தில் ஒரு கிளாம்ப் மட்டும் கழற்றணும், மற்ற இரண்டும் இறுக்கமா இருக்கணும், பாலத்தில் ஆள் கூடாது, நாரை முழுக்க அவிழ்த்துடுங்க. கடைசிதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. "கயிறு இல்லெங்கில் போட்டோ எடுக்க ஆரு வரும் சாரே?"

நியாயமான கேள்வி. ஜப்பானில் இயா பள்ளத்தாக்கில் காட்டுக்கொடியால் பின்னிய ஒரு பாலம் உண்டு, 45 மீட்டர். அதிலும் கொடிக்குள்ளே இரும்புக் கம்பியை மறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள், ஜனங்கள் கொடியைப் பார்க்கத்தான் காசு கொடுத்து வருகிறார்கள். ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கொடியையெல்லாம் மாற்றிப் புதிதாகக் கட்டுகிறார்கள். அதனால் நடுவில் வேண்டுமானால் நார் சுற்றிக்கொள்ளுங்கள், மழைக்காலத்துக்கு முன்னால் அவிழ்த்துவிடுங்கள், முனையில் மட்டும் எப்போதும் வெறுங்கம்பி என்று பேரம் முடிந்தது. முழுத் திருப்தி இல்லை. இரும்புக் கடைக்காரன் பேரத்தில் எப்போதுதான் முழுத் திருப்தி கிடைத்திருக்கிறது?

அழகுக்கென்று இல்லாமல் தேவைக்கென்று தொங்குபாலம் கட்டியவர் ஒருவர் இதே மலைத்தொடரில் வடக்கே இருக்கிறார். கர்நாடகத்தில் சுள்யாவைச் சேர்ந்த கிரீஷ் பாரத்வாஜ். மெக்கானிக்கல் படித்துவிட்டுப் பட்டறை வைத்திருந்தவர். 1989-இல் பயஸ்வினி ஆற்றின்மேல் அரம்பூரில் முதல் பாலத்தைக் கட்டினார். பிறகு நூற்றுக்கு மேல். 2017-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஒரு பட்டறைக்காரருக்கு என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

மத்தியானம் அம்மாவைத் தேடினால் பாலத்துக்குக் கீழே பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டிருந்தாள். பக்கத்தில் பேத்தி.

"அப்பத்தா பாலத்துலருந்து விழுந்திருக்காங்களாம்ப்பா!"

நான் கேள்விப்பட்டதே இல்லை. லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு தோடு. அம்மாவுக்கு அது ஓடை இல்லை, இன்றைக்கும் தோடுதான். குறுக்கே இரண்டு கமுகந்தடி, பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் மூங்கில். அங்கே மழை பிடிக்கிறதும் பள்ளிக்கூடம் திறக்கிறதும் ஒரே சமயம், ஜூன் முதல் வாரம். வருஷாவருஷம் வெள்ளத்தில் தடி போய்விடும். தாத்தாவும் லயத்து ஆட்களும் சேர்ந்து புதுத் தடி வெட்டிப் போடுவார்கள். புதுத் தடி வழுக்கும் என்பதால் அரிவாளால் குறுக்கே கொத்திவிடுவார்கள், பிள்ளைகளின் பாதம் பிடிக்க. மூன்றாம் வகுப்பில் அம்மா சிலேட்டோடு விழுந்திருக்கிறாள். சிலேட்டு போய்விட்டது.

"அப்புறம் பயமா இல்லியா அப்பத்தா?"

"கமுகுல எங்கப்பா கொத்துன வெட்டு காலுக்குத் தெரியும்ல" என்றாள். "இதுல ஒண்ணுமே தெரியல. மெத்து மெத்துனு கயிறு. அதான் தொடல."

நான் கிளாம்ப் பார்த்துக் கண்டுபிடித்ததை அவள் கைப்பிடியைத் தொடாமலே சொல்லிவிட்டாள் என்று பெருமைப்படலாம். ஆனால் அவளுக்கு அந்தக் கயிறு பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று தோன்றுகிறது. தாத்தா வெட்டிய கொத்து எத்தனை அங்குல இடைவெளி என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டினாள். அரைச் சாண்.

ஊருக்கு வந்ததும் பதினாறு எம்எம் கிளாம்ப் ஒரு டஜன், துத்தநாகம் பூசியது, பார்சலில் அனுப்பினேன். கூடவே ஒரு ஸ்பேனர். பத்து நாள் கழித்து சேட்டனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. வெறுங்கம்பி, கிரீஸ் பூசி மினுமினுவென்று, முனையில் மூன்று புதுக் கிளாம்ப். "சாரே, இது சரியா?"

பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் இரண்டும் சரி. மூன்றாவது திரும்பி இருந்தது.

வாய்ஸ் மெசேஜில் பேசிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "யாருப்பா, பாலத்துக்காரரா? கிளாம்ப்புக்குக் காசு அனுப்புனாரா?"

அனுப்பவில்லை. ஏலக்காய் அரைக் கிலோ அனுப்பியிருந்தார். நல்ல பச்சை, எட்டு எம்எம் காய். அம்மா ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, மூன்றாவதையும் சரியாகப் போட்டுப் புதுப் போட்டோ வருகிறவரைக்கும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.